காராமணி நிறம் மாறவில்லை: இயற்கைத் தேர்வைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமப் பாடத்தைப் படித்து முடித்த பிள்ளையிடம், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஏன் நீளமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உயரத்தில் உள்ள இலைகளை எட்டுவதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டது என்ற விடைதான் பெரும்பாலும் வரும். அது பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 1809-இல் முன்வைத்த விளக்கம்; டார்வின் 1859-இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற நூலில் சொன்ன இயற்கைத் தேர்வு வேறு. இரண்டு பெயர்களையும் ஆண்டுகளோடு ஒப்பிக்கும் பிள்ளைகூட இந்த இடத்தில் சறுக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாம் அந்தப் பாடத்தைச் சொல்லும் வினைச்சொல்லிலேயே பிழை ஒளிந்திருக்கிறது என்பது என் முடிவு. கடலூர், புதுச்சேரிப் பகுதியில் இருக்கும் பெற்றோரும் ஆசிரியரும், மளிகைக் கடையில் கிடைக்கும் பொருளையும் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களையும் கொண்டு அந்தப் பிழையை எப்படிக் களையலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சொற்களை முதலில் சரிசெய்யுங்கள்

‘தேர்வு’ என்றதும் பிள்ளைக்கு நினைவு வருவது பொதுத்தேர்வு. தேர்வு என்றால் அதை வைப்பவர் ஒருவர் இருப்பார், முயன்று படித்தால் தேறிவிடலாம் என்று அந்த மனம் தானாகவே தொடர்ந்து போகும். இயற்கைத் தேர்வில் வைப்பவரும் இல்லை, முயன்று தேறுவதும் இல்லை. எனவே பாடத்தைத் தொடங்குவதற்கு முன் சமையலறைக்குக் கூட்டிப்போய் மாவு சலித்துக் காட்டுங்கள். மாவு கீழே இறங்குகிறது, கப்பி மேலே தங்குகிறது. சல்லடைக்கு எந்த விருப்பமும் கிடையாது. அதற்கு இருப்பது கண்ணின் அளவு மட்டுமே. கப்பியும் தங்கவேண்டும் என்று நினைத்துத் தங்கவில்லை.

‘பரிணாம வளர்ச்சி’ என்ற தொடரில் உள்ள ‘வளர்ச்சி’யை நீக்கிவிடுங்கள். உயிர்கள் ஒரு படிக்கட்டில் ஏறிக்கொண்டே போவதாகவும், மேற்படியில் மனிதன் நிற்பதாகவும் ஒரு படத்தை அது மனத்தில் வரைந்துவிடுகிறது. இலங்கைத் தமிழில் ‘கூர்ப்பு’ என்பார்கள். கூர்மை கூடுவதைப் போன்று ஒலிப்பதால் எனக்கு அதிலும் முழு நிறைவு இல்லை, ஆனாலும் சுருக்கமான சொல். ‘survival of the fittest’ என்பதை ‘வலியது வெல்லும்’ என்று மொழிபெயர்ப்பதும் வேண்டாம். அந்த ஆங்கிலத் தொடரை 1864-இல் ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. டார்வின் அதைத் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல்தான் எடுத்து ஆண்டார். வலிமைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. தன் இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தி, கூடுதலாகச் சந்ததி விட்டுச் செல்வதே அதன் பொருள். ஒளிந்திருக்கத் தெரிந்த மெலிந்த நண்டு, சண்டைக்கு நிற்கும் தடித்த நண்டைவிட அதிகக் குஞ்சுகளை விட்டுச் செல்லும் இடங்களும் உண்டு.

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது ‘கொள்’ என்னும் துணைவினை. எழுதிக்கொண்டாள், வாங்கிக்கொண்டான் என்பவற்றில் செய்பவர் தம் பொருட்டுத் தாமே செய்கிறார். ‘மரம் சூழலுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது’ என்று எழுதும்போதும் அதே இலக்கணம் வேலை செய்கிறது: மரம் நினைத்தது, மரம் செய்தது. பிள்ளையின் குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே ஒரு விதியை எழுதச் சொல்லுங்கள். ‘கொண்டது’, ‘பழகிவிட்டது’, ‘-வதற்காக’ ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று பரிணாமத்தைப் பற்றிய வாக்கியத்தில் வந்தால், அந்த வாக்கியத்தைப் ‘பிழைத்தன’, ‘எஞ்சின’, ‘பெருகின’ என்ற பன்மை வினைகளில் ஒன்றை வைத்துத் திருப்பி எழுதவேண்டும். எழுவாய் ஓர் உயிராக இருக்கக் கூடாது, ஒரு கூட்டமாக இருக்கவேண்டும். இதை இலக்கணப் பயிற்சி என்று நினைத்துப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பலாக்கொட்டை தரும் பாடம்

இயற்கைத் தேர்வு நடக்க மூன்று நிலைமைகள் போதும். ஒரே இனத்துக்குள் வேறுபாடு இருக்கவேண்டும். அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியேனும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கவேண்டும். வேறுபாட்டைப் பொறுத்துப் பிழைப்பதும் பெருகுவதும் கூடிக் குறையவேண்டும். முதல் இரண்டையும் விளக்கப் பண்ருட்டிப் பலாவைப் போல எளிய பொருள் வேறில்லை. நல்ல சுளை தின்ற மகிழ்ச்சியில் அதன் கொட்டையை நட்டு வளர்த்தவர்கள், பழம் வரும்போது தாய்மரத்தின் சுவை அப்படியே வரவில்லை என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பலா அயல்மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது. ஒவ்வொரு கொட்டையும் இரண்டு மரங்களின் கலவை. ஆகவேதான் தாயை ஒத்த மரம் வேண்டும் என்பவர் ஒட்டுக்கன்று வாங்குகிறார். கொட்டைக் கன்று வேறுபாட்டைக் காட்டுகிறது. முற்றிலும் வேறாகிவிடாமல் தாயின் சாயலும் அதில் ஓரளவு இருப்பது மரபைக் காட்டுகிறது. டார்வினும் தம் நூலின் முதல் இயலை வீட்டுத் தாவரங்களும் விலங்குகளும் எப்படி வேறுபடுகின்றன என்பதில்தான் தொடங்கினார். அவர் கையில் இருந்தவை புறாக்கள்.

காராமணி விளையாட்டு

மூன்றாவது நிலைமைக்கு ஒரு விளையாட்டு போதும். சிவப்புக் காராமணி கால் கிலோ, வெள்ளைக் காராமணி கால் கிலோ வாங்குங்கள். முதல்முறை நான் உளுந்தையும் மொச்சையையும் வைத்துச் செய்து கெடுத்தேன். மொச்சை பெரிதாக இருந்ததால், நிறத்தைவிட அளவே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது. ஆகவே நிறத்தில் மட்டும் வேறுபட்டு, அளவில் ஒத்திருக்கும் பயறாகப் பார்த்து வாங்குங்கள். அதோடு இரண்டு வகைத் தரை வேண்டும். கடலூரில் இருப்பவர்களுக்குக் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணும் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலும் கிடைக்கும். புதுச்சேரிக்காரர்கள் செம்மண்ணுக்குக் கோரிமேட்டுப் பக்கம் போகலாம். ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உள்ள பழைய சாக்கில் ஒரு விரல் உயரத்துக்கு மண்ணைப் பரப்பி, சற்றே மேடுபள்ளமாக விட்டுவிடுங்கள்.

செம்மண்ணில் ஐம்பது சிவப்பு, ஐம்பது வெள்ளை, ஆக நூறு மணிகளைத் தூவுங்கள். பிள்ளைகள்தாம் பறவைகள். முதுகைக் காட்டி நின்று, சொன்னதும் திரும்பி, ஒரு முறைக்கு ஒரு மணியை மட்டும் விரல்நுனியால் எடுத்துக் கிண்ணத்தில் போடவேண்டும். எல்லாருமாகச் சேர்ந்து ஐம்பது மணிகளை எடுத்ததும் நிறுத்திவிடுங்கள். தேடி ஆராய நேரம் கொடுத்தால் விளையாட்டு கெட்டுவிடும். பசித்த பறவைக்கு அந்த அவகாசம் இல்லை. மண்ணில் எஞ்சியிருப்பவற்றை நிறம் பிரித்து எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு குட்டி சேருங்கள். மறுபடியும் நூறு ஆகிவிடும். அது இரண்டாம் தலைமுறை. உதாரணமாக, பறவைகள் 34 வெள்ளையும் 16 சிவப்பும் எடுத்தன என்று வையுங்கள். எஞ்சுவது 34 சிவப்பு, 16 வெள்ளை. இரட்டித்தால் 68, 32. ஐந்து தலைமுறைக்கு இப்படியே விளையாடி, ஒவ்வொரு தலைமுறையின் சிவப்பு எண்ணிக்கையையும் கோட்டுப்படமாக வரையச் செய்யுங்கள்.

கோடு ஏறிய பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தக் காராமணியாவது நிறம் மாறியதா? ஒன்றுகூட மாறவில்லை. வெள்ளையாகத் தூவியது வெள்ளையாகவே தின்னப்பட்டது அல்லது வெள்ளையாகவே பிழைத்தது. ஆனால் சாக்கில் இருக்கும் கூட்டம் சிவந்துவிட்டது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகளின் முகம் தெளிவது இங்கேதான். அதற்கு முன் எத்தனை முறை விளக்கினாலும் தெளிவதில்லை.

இத்தோடு விளையாட்டை முடித்துவிடாதீர்கள், இன்னும் மூன்று ஆட்டங்கள் மீதம் உண்டு. முதலாவதாக, கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை அப்போதும் ஏறி இறங்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. தற்செயலால் மட்டும் நிகழும் இந்த மாற்றத்தை மரபணு நகர்வு என்பார்கள். நூறுக்குப் பதில் பத்தே மணிகளைக் கொண்டு இதைச் செய்தால், சில தலைமுறைகளுக்குள் ஏதேனும் ஒரு நிறம் அடியோடு போய்விடக்கூடும். சிறு கூட்டங்களுக்கு நேரும் ஆபத்து இதுவே. இரண்டாவதாக, செம்மண்ணில் சிவந்துவிட்ட கூட்டத்தை அப்படியே கடற்கரை மணலுக்கு மாற்றுங்கள். மணலில் வெள்ளை முழுவதும் மறைந்துவிடாது, ஆனால் சிவப்பு பளிச்சென்று தெரியும். கோடு திரும்பி இறங்கத் தொடங்கும். நேற்றுவரை பொருந்தியது இன்று பொருந்தவில்லை.

மூன்றாவது ஆட்டம்தான் நுட்பமானது. செம்மண்ணில் வெள்ளை அடியோடு அழிந்துவிட்டதாக வைத்து, நூறு சிவப்பு மணிகளை மட்டும் மணலில் தூவுங்கள். எத்தனை தலைமுறை விளையாடினாலும் கூட்டம் வெளுக்காது. தேவை இருக்கிறது என்பதால் வெள்ளை பிறந்துவிடுவதில்லை. பிறகு ஒரே ஒரு வெள்ளை மணியைப் போட்டு, இது மரபணுவைப் படியெடுக்கும்போது நேர்ந்த பிழை, பெயர் சடுதிமாற்றம் என்று சொல்லுங்கள். இந்தப் பிழை மணலில்தான் நேரும் என்றில்லை. செம்மண்ணிலும் நேர்ந்திருக்கும், நேர்ந்த உடனே தின்னப்பட்டிருக்கும். மாற்றம் தோன்றுவது சூழலைப் பார்த்து அன்று. தோன்றியது நிலைப்பதுதான் சூழலைப் பொறுத்தது. அந்த ஒற்றை வெள்ளை மணியையும் பறவை முதல் சுற்றிலேயே தற்செயலாக எடுத்துவிட்டால், பிள்ளைகள் ஏமாற்றத்தில் கூச்சலிடுவார்கள். அப்படி நேர்வதும் பாடத்தில் சேர்ந்ததே.

வயலில் கேட்கும் வாக்கியம்

‘பூச்சி மருந்துக்குப் பழகிப்போச்சு’ என்று நெல் விவசாயிகள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். இதைக் குறிப்பேட்டு விதிப்படி திருப்பி எழுதச் சொல்லுங்கள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி எதுவும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகவில்லை. மருந்தடிப்பதற்கு முன்பே கூட்டத்தில் மிகச் சிலவற்றுக்கு அதைத் தாங்கும் தன்மை இருந்தது. மற்றவை மடிந்தன, அவை பிழைத்துப் பெருகின. மருந்துக்கு நடப்பது நெல் இரகத்துக்கும் நடக்கும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், புகையானை எதிர்க்கும் ஐ.ஆர்.26 என்ற இரகத்தை 1973-இல் வெளியிட்டது. ஒரே ஒரு மரபணுவை நம்பிய எதிர்ப்பு அது. இரகம் பரவலாகப் பயிரிடப்பட்ட சில ஆண்டுகளுக்குள், அந்தப் பயிரையும் உறிஞ்சிப் பிழைக்கக்கூடிய புகையான்கள் பெருகிவிட்டன. 1976-இல் வேறொரு மரபணுவைக் கொண்ட ஐ.ஆர்.36 வந்தது. கொசுவிலும் இதே கணக்குதான்; கொசுக்களையும் அவை பரப்பும் நோய்களையும் ஆராய்வதற்கென்றே 1975 முதல் புதுச்சேரியில் ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் இயங்கிவருகிறது. மருத்துவர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் தன் உடம்பு மருந்துக்குப் பழகிவிடும் என்று எண்ணுபவர்கள் பலர். மாறுவது நம் உடம்பு அன்று, உள்ளே இருக்கும் பாக்டீரியாக் கூட்டம்.

இதெல்லாம் மனிதன் கைவைத்ததால் வந்தது, இயற்கையில் யாரேனும் அளந்து பார்த்திருக்கிறார்களா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பார்த்திருக்கிறார்கள். பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதியர் 1973 முதல் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, வளையமிட்டு விட்டுவந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தபின் எஞ்சியவற்றில் முக்கியமானது, நம் வரப்பில் காலில் குத்தும் நெருஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள் விதை. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறத்தாழ 85 சதவீதம் மடிந்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடித்திருந்தது. அவற்றின் குஞ்சுகளுக்கும் தடித்த அலகே அமைந்தது. 1983-இல் எல் நினோ பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்ததும், அடுத்த ஆண்டுகளில் சிறிய அலகுக் குருவிகளே கூடுதலாகப் பிழைத்தன. மணலுக்கு மாற்றிய காராமணியை நினைவுபடுத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பிச்சாவரத்தில் பார்க்கவேண்டியவை

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போய்வாருங்கள். நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துத் துடுப்புப் படகு எடுப்பது நல்லது. விசைப்படகின் இரைச்சலில் எதையும் நின்று பார்க்க முடியாது. உப்பும் காற்றில்லாத சேறும் எல்லாச் செடிகளுக்கும் ஒரே சிக்கலைத்தான் தருகின்றன. ஆனால் எத்தனை விதமாக அவை அங்கே பிழைத்திருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கட்டும். சுரபுன்னை, தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்களில் நிற்கிறது. உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டலின் அடியில், சேற்றிலிருந்து பென்சில் நட்டாற்போல் மூச்சுவேர்கள் மேல்நோக்கி நீண்டிருக்கும். அது உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. படகோட்டி உறுதியாக அடையாளம் காட்டினால், வெண்கண்டல் இலையை நாக்கில் தொட்டு உப்புக் கரிப்பதைப் பார்க்கலாம். தில்லை மரத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அந்தத் தலமரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

இனி ஒரு வியப்பைச் சொல்லுங்கள். இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை என்றாலும் நெருங்கிய உறவினர் அல்ல. தில்லை, ஆமணக்கின் குடும்பம். வெண்கண்டல், நம் பூக்கடைக் கனகாம்பரத்தின் குடும்பம். உப்பங்கழியில் வெண்கண்டலுக்கு அருகே நிற்கும் சுரபுன்னையைவிட, கூடையில் இருக்கும் கனகாம்பரமே அதற்கு நெருங்கிய சொந்தம். தொடர்பற்ற வழிகளில் வந்தவை ஒரே சல்லடையில் சலிக்கப்பட்டு ஒத்த இடத்துக்கு வந்து நிற்பதைக் குவிபரிணாமம் என்பார்கள்.

சுரபுன்னையில் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு, பிறகு விழுகிறது. கரையோரம் ஒதுங்கிக் கிடப்பவற்றைப் பிள்ளைகள் எண்ணட்டும். வேரூன்றி நிற்கும் இளங்கன்றுகளையும் எண்ணட்டும். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் இயற்கைத் தேர்வு நடக்கிறது, தற்செயலும் நடக்கிறது. சேற்றில் துடுப்பை ஊன்றித் தாவித் திரியும் சிறு மீன்களையும் காட்டுங்கள். அவை மீனிலிருந்து தரைவிலங்காக மாறும் வழியில் பாதியில் நிற்பவை என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். அவை எங்கும் போய்க்கொண்டிருக்கவில்லை; சேற்றில் வாழும் மீனாக முழுமையாகவே இருக்கின்றன.

இனம் என்றால் என்ன என்ற கேள்விக்கும் இங்கேயே ஒரு பொருள் இருக்கிறது. பிச்சாவரத்தில் உள்ள இரண்டு சுரபுன்னை இனங்களுக்கு இடையே பிறந்த கலப்பு மரம் ஒன்றை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி ‘ரைசோஃபோரா அண்ணாமலையானா’ என்று 1995-இல் பெயரிட்டார்கள். கலப்பு நேர்கிறது, ஆனாலும் இரு பெற்றோர் இனங்களும் ஒன்றாகக் கரைந்துவிடவில்லை. இனங்களுக்கு நடுவே இருப்பது மதில்சுவர் அன்று, பாதி ஆட்கள் தாண்டிவிடும் வேலி என்று நான் சொல்வதுண்டு.

பேருந்தில் போடவேண்டிய கணக்கு

காலத்தின் நீளத்தை உணர்த்துவதே கடினம். ஓர் ஆண்டை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்து, கடலூர்ப் பேருந்து நிலையத்தை இன்று என்று கொண்டு, புதுச்சேரி வண்டியில் ஏறுங்கள். டார்வினின் நூல் வந்த ஆண்டு ஒரு சாணுக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. சங்கப் பாடல்கள் இரண்டு மீட்டரில். நம் மனித இனம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகள் என்றால் 300 மீட்டர். புதுச்சேரியை நெருங்கும்போது இருபது கிலோமீட்டர் ஆகியிருக்கும். அது இரண்டு கோடி ஆண்டுகள். அங்கிருந்து மயிலம் சாலைப் பக்கம் போனால் திருவக்கரையில், ஏறத்தாழ அந்த வயதுடைய, கல்லாகிப்போன மரங்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-இல் குறித்துவைத்த இடம் அது. அந்தக் கல்மரங்கள் இயற்கைத் தேர்வை நிரூபிப்பவை என்று சொல்லிவிடாதீர்கள். அது நடக்க எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கு மட்டுமே அவை சாட்சி. அருகிலுள்ள வழுதாவூர்ப் பகுதிப் பாறைகளில் அம்மோனைட் என்னும் கடலுயிரியின் சுருள் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவை பூண்டற்றுப்போன காலத்தை இந்தக் கணக்கில் எட்ட 66 கிலோமீட்டர், அதாவது திண்டிவனம் வரை போகவேண்டும். உயிர் தோன்றிய காலத்துக்குப் போக இந்தச் சாலை போதாது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரையிலான நீளம் வேண்டும்.

திரும்பும் வழியில் இன்னொரு கணக்கைக் கொடுங்கள். புகையானுக்கு ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதம், மனிதருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு. ஒரு மனிதத் தலைமுறைக்கு வேண்டிய இருபத்தைந்து மில்லிமீட்டருக்குள் புகையானுக்கு எத்தனை தலைமுறைகள் அடங்கும், மருந்து நிறுவனங்கள் ஏன் அதை முந்த முடியாமல் ஓடுகின்றன என்பதைப் பிள்ளையே எழுதட்டும். எழுதி முடித்ததும் குறிப்பேட்டை வாங்கி, ‘பழகிவிட்டது’ என்ற சொல் எங்கேனும் திரும்ப நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஓரிடத்திலாவது இருக்கும். அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.